பேரேட்டில் ஏறாத போர்: ப. சிங்காரத்தின் நாவல்களில் இந்திய தேசிய இராணுவமும் விடுதலைக் கதையாடலும்

ஆய்வுச்சுருக்கம்

இந்திய தேசிய இராணுவம் போர்க்களத்தில் தோற்றது. அதன் அரசியல் விளைவு போர் முடிந்தபின் டெல்லிச் செங்கோட்டை விசாரணையில்தான் உருப்பெற்றது. அவ்விளைவின் பயன் மலாயாவிலும் சுமத்ராவிலும் இருந்த தமிழ்ப் படைவீரனை எவ்வளவு தூரம் வந்தடைந்தது என்னும் வினாவை ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' ஆகிய நாவல்கள் எழுப்புகின்றன. இந்நாவல்களில் போர் கதையின் பின்னணி மட்டுமே என்னும் வாசிப்பை மறுத்து, போர்ப் பங்கேற்பே அவற்றின் விவாதப் பொருள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: ப. சிங்காரம், இந்திய தேசிய இராணுவம், செங்கோட்டை விசாரணை, இந்தோனேசியப் புரட்சி, லேவாதேவி, புலம்பெயர் இலக்கியம்.

முன்னுரை

சிங்கம்புணரியில் 1920ஆம் ஆண்டு பிறந்த ப. சிங்காரம் 1938இல் கப்பலேறி மேடானுக்குச் சென்றார். போர்க்காலம் முழுவதையும் தென்கிழக்காசியாவில் கழித்துத் தாயகம் திரும்பியபின், மதுரையில் நாளிதழ்ப் பணியில் நாற்பது ஆண்டுகள் இருந்தார். அவர் எழுதியவை இரண்டே நாவல்கள். முதலாவது 1950 அளவில் எழுதப்பட்டுக் கலைமகள் பரிசு பெற்று 1959இல் நூலானது. இரண்டாவது 1962 அளவில் எழுதி முடிக்கப்பட்டும் 1972 வரை அச்சேறவில்லை. தமிழ் வாசகர் அதை உரிய அளவில் கண்டுகொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின.

இந்நாவல்கள் பற்றிய திறனாய்வு பெரும்பாலும் மூன்று தடங்களில் சென்றுள்ளது. மலாய், சீன, டச்சுச் சொற்களும் செட்டிநாட்டுத் தொழில்மொழியும் கலந்த நடையை வியப்பது ஒரு தடம். பாண்டியன் என்னும் பாத்திரத்தை வேரறுந்த நவீன மனிதனாகக் காண்பது மற்றொன்று. புலம்பெயர் இலக்கியத்தின் முன்னோடியாக நிறுவுவது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இம்மூன்றிலும் போர் ஓர் இயற்கைச் சீற்றம் போலவே கருதப்படுகிறது. புயல் வந்தது, தோணி ஆடியது என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. இந்நாவல்களின் முதன்மைப் பாத்திரங்கள் போரில் அகப்பட்டுக்கொண்டவர்கள் மட்டுமல்லர். ஒரு குறிப்பிட்ட படையில், ஒரு குறிப்பிட்ட அரசியல் இலக்கிற்காகச் சேர்ந்தவர்கள். அந்த இலக்கு 1947இல் நிறைவேறிவிட்டது. இலக்கு நிறைவேறிய பின்னும் அதற்காகப் படையில் சேர்ந்தவனை நாவல் ஏன் வெறுங்கையோடு நிறுத்துகிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

செங்கோட்டையில் கிடைத்த வெற்றி

1939 செப்டம்பர் 3 அன்று இந்தியாவும் போரில் ஈடுபட்டிருப்பதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். இந்தியத் தலைவர் எவரையும் அவர் கலந்துகொள்ளவில்லை. காங்கிரஸ் மாகாண அமைச்சரவைகள் பதவி விலகின. எனினும் ஆள்சேர்ப்பு நிற்கவில்லை. போர் தொடங்கியபோது சுமார் இரண்டு இலட்சம் பேரைக் கொண்டிருந்த இந்திய இராணுவம் 1945இல் ஏறத்தாழ 25 இலட்சமாகப் பெருகியிருந்தது. போர்ச் செலவின் கணக்கில் பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டிய தொகை சுமார் 130 கோடி பவுண்டாக ஏறியது. ஆளும் நாடு ஆளப்படும் நாட்டுக்குக் கடன்பட்டது. விடுதலை பற்றிய பேச்சில் இந்தக் கடன் அரிதாகவே குறிப்பிடப்படுகிறது. ஆனால் பேரரசைத் தாங்கி நிற்பது இலாபமா நட்டமா என்னும் கணக்கை லண்டன் போட்டபோது அதன் எடை சிறிதன்று.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் இரு நாள் கழித்து ஃபாரர் பூங்காவில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். மோகன்சிங் தலைமையில் எழுந்த முதல் இந்திய தேசிய இராணுவம் அவ்வாண்டின் இறுதியிலேயே ஜப்பானியரோடு முரண்பட்டுக் கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பின்னரே இரண்டாம் முறையாக அது உயிர்பெற்றது. முதலாவது படை போர்க்கைதிகளால் ஆனது. இரண்டாவதிலோ மலாயாவின் தோட்டங்களிலும் கடைகளிலும் இருந்த குடிமக்கள், அவர்களுள் பெரும்பான்மையாகத் தமிழர், திரளாகச் சேர்ந்தனர். சிங்காரத்தின் பாத்திரங்கள் இந்த இரண்டாம் திரளைச் சேர்ந்தவர்கள். சம்பளச் சிப்பாயாக இருந்து பிரிட்டிஷ் அரசருக்குச் செய்த சத்தியத்தை மீறியவர்களல்லர் இவர்கள். துப்பாக்கியையே முதன்முதலாகத் தொட்டவர்கள். செங்கோட்டையில் வழக்காடப்பட்ட 'இராஜ விசுவாசம்' என்னும் சிக்கல் இவர்களுக்குப் பொருந்தவே இல்லை.

இம்பால், கொகிமா முனைகளில் 1944இல் இப்படை ஜப்பானியரோடு சேர்ந்து தோற்றது. போர் முடிந்ததும் ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூன்று அதிகாரிகளை 1945 நவம்பரில் ஆங்கில அரசு ஒரே கூண்டில் நிறுத்தியது. ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர். இதைவிடப் பெரிய பிழையை ஓர் அரசு தேடிச் செய்ய இயலாது. அடிமைப்பட்ட மக்கள் தம் விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை உடையவர்கள் என்று புலாபாய் தேசாய் வாதிட்டார். ஆயுள் தண்டனையாக விதிக்கப்பட்ட நாடுகடத்தலைத் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் சில நாட்களிலேயே நீக்கிவிட்டார். விசுவாசம் மீறியவரைத் தண்டிக்கத் துணிவில்லாத அரசு, விசுவாசத்தால் மட்டுமே நிற்கும் ஓர் இராணுவத்தை நெடுநாள் நம்பியிருக்க முடியாது என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கிற்று. 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் மோசமான உணவை எதிர்த்துத் தொடங்கிய கடற்படையினர் கிளர்ச்சி, இந்திய தேசிய இராணுவத்தினரை விடுவிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் சேர்த்துக்கொண்டது.

இதிலிருந்து 'இந்திய தேசிய இராணுவமே விடுதலை பெற்றுத் தந்தது' என்னும் முடிவுக்குத் தாவுவோர் உளர். அட்லி அவ்வாறு ஒப்புக்கொண்டதாகச் சொல்லப்படும் கூற்று, பல ஆண்டுகள் கழித்து ஒருவர் எழுதிய நினைவுகூரலை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது. அமைச்சரவைத் தூதுக்குழுவின் வருகை அறிவிக்கப்பட்டது கடற்படைக் கிளர்ச்சி தொடங்கிய மறுநாள். முடிவோ அதற்கு முன்பே எடுக்கப்பட்டது. காரணங்களை ஒன்றாகச் சுருக்குவது வரலாற்றுக்கு நன்மை செய்யாது. இங்குக் கருதத்தக்கது வேறொன்று. விசாரணை அப்படையை அகில இந்தியப் படிமம் ஆக்கியது. அந்தப் படிமத்தில் முகம் பெற்றவர்கள் தொழில்முறை அதிகாரிகள். பினாங்கில் பெட்டியடியில் இருந்து படைக்குப் போனவனுக்கு அதில் இடமில்லை. விடுதலைக்குப் பின்னும் இந்திய தேசிய இராணுவத்தினர் இந்திய இராணுவத்தில் மீண்டும் சேர்க்கப்படவில்லை. எந்தப் படையை எதிர்த்து அவர்கள் போரிட்டார்களோ, அந்தப் படையே புதிய நாட்டின் படையாயிற்று.

செல்லையாவும் வட்டிக்கடையும்

'கடலுக்கு அப்பால்' வெளிப்பார்வைக்கு ஒரு காதல் தோல்விக் கதை. பினாங்கில் லேவாதேவி நடத்தும் முதலாளியின் மகள் மரகதத்தைச் செல்லையா விரும்புகிறான், அவளும் விரும்புகிறாள். முதலாளி மறுக்கிறார். மறுப்பதற்குச் சாதியோ வறுமையோ காரணமன்று. அவன் இராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன் என்பதே காரணம். துப்பாக்கி பிடித்த கை பேரேடு பிடிக்காது என்பது அவருடைய கணிப்பு.

இம்மறுப்பைக் குறுகிய வணிகப் புத்தி என்று ஒதுக்கிவிடுதல் எளிது. திறனாய்வாளர் பலரும் அவ்வாறே கடந்து சென்றுள்ளனர். ஆனால் சிங்காரம் முதலாளியைக் கொடியவராக எழுதவில்லை. அவர் சொல்வதில் அத்தொழிலின் அனுபவ அறிவு இருக்கிறது. கிட்டங்கி வாழ்க்கை என்பது பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, மேலாளாக உயரும் நெடிய பொறுமை. ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து, தவணை தவறியவனிடம் குரல் உயர்த்தாமல், வாசலில் நின்று கேட்டு, நின்று கேட்டு வாங்கும் தொழில் அது. அடங்கியிருத்தல் அதன் முதல். ஆணையிட்டுப் பழகியவன், சாவை அருகில் கண்டவன், அந்த அடக்கத்துக்கு மீள முடியாது என்று முதலாளி கருதுவது பொய்யன்று. நாவலே அதை உறுதி செய்கிறது: செல்லையா இழந்ததும் பெற்றதும் ஒன்றே. நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டான்; ஆகவே அவன் உலகில் அவனுக்கு இடமில்லாமற் போயிற்று.

இவ்விடத்தில்தான் நாவல் தேசியக் கதையாடலோடு மோதுகிறது. தேசியக் கதையாடலில் போர்ப் பங்கேற்பு தியாகம் எனப்படும். தியாகம் பின்னொரு நாள் ஈடுசெய்யப்படும் என்னும் நம்பிக்கை அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. லேவாதேவிக் கணக்கிலோ பற்று, வரவு என்னும் இரண்டே பத்திகள். செல்லையாவின் இராணுவ ஆண்டுகளை எந்தப் பத்தியில் எழுதுவது என்று முதலாளிக்குத் தெரியவில்லை. அவர் அறிந்தவரை, தொழில் கற்றிருக்க வேண்டிய ஆண்டுகள் வீணாயின. விடுதலை பெறவிருக்கும் நாடும் இதே கணக்கையே வேறு மொழியில் எழுதியது என்பதை மேலே கண்டோம். முதலாளியின் மறுப்பும் புதிய அரசின் மறுப்பும் ஒரே தர்க்கம் உடையவை: ஒழுங்கு குலைந்தவனை மீண்டும் ஒழுங்குக்குள் சேர்க்க இயலாது. டெல்லியின் முடிவுகளைப் பற்றி எதுவும் சொல்லாமலே பினாங்கு வட்டிக்கடையொன்றில் அதே முடிவை நடத்திக் காட்டியிருப்பது இந்நாவலின் வலிமை.

இராணுவத்தில் அவன் ஏன் சேர்ந்தான் என்பதை நாவல் ஓர் உன்னத கணமாக வடிக்கவில்லை என்பதும் நோக்கத்தக்கது. வணிகம் முடங்கிக் கிடந்த காலம் அது. ஆங்கிலேயர் கட்டிக்காத்த மலாயா எழுபது நாட்களில் சரிந்தது. கப்பல் இல்லை, ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லை, கடிதம் இல்லை. வெள்ளைக்காரன் தோற்கக்கூடியவன் என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் அந்த இளைஞர்கள். அக்காட்சி ஊட்டிய துணிவும், வேறு செய்வதற்கு ஏதும் இல்லாமையும், போஸின் பேச்சும், கூட்டாளிகளின் தூண்டுதலும் ஒன்றோடொன்று பிணைந்தே ஒருவனைப் படைக்கு அனுப்பின. இந்தக் கலவையைப் பிரித்துத் தேசபக்தியை மட்டும் வடித்தெடுக்கச் சிங்காரம் மறுக்கிறார். அவருடைய வீரர்கள் அதனால் சிறுத்துவிடவில்லை.

பாண்டியன் கடந்த எல்லை

'புயலிலே ஒரு தோணி' மேடான் நகருக்குள் ஜப்பானியர் நுழைவதில் தொடங்குகிறது. பேரரசு ஒன்று கைமாறும் நாளில் தெருவில் நிற்கும் மக்கள் பார்ப்பது வரலாற்றை அன்று, கொள்ளையை. இக்காட்சிக்குப் பிறகு எந்த அரசும் நாவலில் முழு மதிப்போடு பேசப்படுவதில்லை. பாண்டியன் தொங்கானில் ஏறிப் புயலைக் கடந்து பினாங்கு சேர்கிறான். இந்திய தேசிய இராணுவத்தில் அதிகாரியாகிறான். படை கலைந்தபின் டச்சுக்காரரை எதிர்க்கும் இந்தோனேசிய கொரில்லாப் போரில் கலக்கிறான். அந்த மண்ணிலேயே மடிகிறான்.

கடைசித் திருப்பத்தைச் சாகசக் கதையின் மிச்சம் என்று குறைகூறுவோர் உண்டு. அன்னிய நாட்டு விடுதலைக்கு ஒரு தமிழன் போரிடுவதற்கு நாவலில் போதிய உளவியல் காரணம் இல்லை என்பது அக்குறை. உளவியல் நோக்கில் அது ஓரளவு பொருந்தும். பாண்டியன் தன் முடிவுகளை விளக்குபவன் அல்லன். வரலாற்று நோக்கில் அத்திருப்பம் கூர்மையானது. ஜப்பானியர் பயிற்றுவித்த படைகள் மூன்று நாடுகளில் மூன்று முடிவை எய்தின. பர்மாவில் ஆங் சான் உருவாக்கிய படை முதலில் ஜப்பானியரோடு நின்று, 1945 மார்ச்சில் அவர்களுக்கு எதிராகத் திரும்பி, விடுதலை பெற்ற நாட்டின் இராணுவத்துக்கு விதையாயிற்று. இந்தோனேசியாவில் 1943இல் அமைக்கப்பட்ட 'பேட்டா' என்னும் தாயகக் காவற்படையில் அதிகாரியாக இருந்த சுதிர்மான், 1945 ஆகஸ்ட் 17இல் சுகர்ணோவும் ஹட்டாவும் விடுதலையை அறிவித்தபின் குடியரசுப் படையின் தலைமைத் தளபதியானார். இந்தியாவில் மட்டும் அப்படை கலைக்கப்பட்டது, விசாரிக்கப்பட்டது, போற்றப்பட்டது, வீட்டுக்கு அனுப்பப்பட்டது. விடுதலை பேச்சுவார்த்தையின் வழியே வந்ததால் பழைய இராணுவமும் பழைய நிர்வாகமும் அப்படியே கைமாறின. பாண்டியன் மலாயாவிலிருந்து இந்தோனேசியப் போருக்குள் செல்வது, தன் நாட்டில் மூடப்பட்ட பாதையை அண்டை நாட்டில் தொடர்வதாகும்.

இத்தொடர்ச்சியில் இன்னொரு முரண் மறைந்திருக்கிறது. 1945 அக்டோபரில் சுமத்ராவில் இறங்கி மேடானைக் கைக்கொண்டது பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் 26ஆம் டிவிஷன். நவம்பரில் சுரபாயாவில் இந்தோனேசியரோடு கடும்போர் புரிந்த படைகளிலும் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். சில நூறு பேர் அணி மாறி இந்தோனேசியர் பக்கம் சேர்ந்தனர் என்பதும் வரலாறு. டெல்லியில் மூன்று அதிகாரிகள் மீது வழக்கு நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், இன்னும் விடுதலை பெறாத ஒரு நாட்டின் வீரர்கள் மற்றொரு நாட்டின் விடுதலையை அடக்கிக்கொண்டிருந்தார்கள். போர்ப் பங்கேற்பு ஒரு காலனியை விடுதலைக்கு இட்டுச் சென்றது என்று பொதுப்படக் கூறும்போது, யாருடைய பங்கேற்பு, எந்தப் பக்கத்தில் என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான். பாண்டியனின் போரை இந்தப் பின்புலத்தில் வைத்துப் படிக்கும்போது அவன் சாவு தனிமனிதனின் விதியாக மட்டும் தோன்றாது.

நாவலின் நடுவே நீண்டு செல்லும் மதுக்கடைப் பேச்சுகளும் இங்கு இணைத்து நோக்கத்தக்கவை. தமிழரின் பழம்பெருமையை எள்ளி நகையாடும் அப்பகுதிகள் கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்பது பொதுவான புகார். உண்மையில் அப்பேச்சுகள் சில இடங்களில் தேவைக்கு மேல் நீள்கின்றன. நகைச்சுவை தன்னையே சுவைத்துக்கொண்டிருக்கும் பக்கங்களும் உண்டு. ஆனால் அவற்றைப் பேசுபவர்கள் யார் என்பதை மறந்துவிடலாகாது. கடல் கடந்து போர் நடத்திய மன்னர்களின் மெய்க்கீர்த்தி கேட்டு வளர்ந்தவர்கள், அதே கடலில் வட்டித் தொழிலுக்கு வந்து, அதே கரைகளில் உண்மையாகவே சீருடை அணிந்தவர்கள். கடாரம் அவர்களுக்குப் பாடநூல் வரி அன்று. கடை வைத்த ஊர். பழம்பெருமை அவர்கள் வாயில் கேலியாவதற்குக் காரணம் அவநம்பிக்கை அன்று. போர் என்றால் என்னவென்று அறிந்தபின் மெய்க்கீர்த்தியை அதே குரலில் ஓத முடியாமற் போவதே காரணம். சின்னமங்கலத்தையும் மதுரைத் தெருக்களையும் பாண்டியன் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வதும் இதன் மறுபக்கம். அவன் விடுவிக்கப் புறப்பட்ட நாடு அவன் நினைவில் ஒரு சந்தையாக, ஒரு தெருவாக, சில முகங்களாகவே இருக்கிறது. பாரதமாதாவாக ஒருபோதும் இல்லை.

நாவல் காணாதவர்கள்

இவ்வளவும் சொன்னபின் ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். சிங்காரத்தின் உலகம் கடைக்காரர்களின் உலகம். இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த மலாயாத் தமிழருள் பெருந்தொகையினர் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர். ரப்பர் ஏற்றுமதி நின்றதால் கூலி இழந்து, அரிசிக்கு மாற்றாக மரவள்ளிக் கிழங்கைத் தின்று கிடந்தவர்கள் அவர்கள். சயாம்-பர்மா இரயில்பாதை வேலைக்குப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே இறந்தவர்களும் அவர்களே. படையில் சேருதல் அந்த இரயில்பாதைக்குத் தப்பும் வழிகளுள் ஒன்றாகவும் இருந்தது. தோட்டத்துக் கங்காணிக்கும் துரைக்கும் முன் தலைகுனிந்தே பழகிய ஒருவன் சீருடையணிந்து நிமிர்ந்து நின்றபோது நிகழ்ந்த மாற்றம் செல்லையாவின் மாற்றத்தைவிடப் பெரிது. ஜான்சிராணிப் படைப்பிரிவில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களுக்கு அது இன்னும் பெரிது. சிங்காரத்தின் நாவல்களில் இவர்கள் தொலைவில் தெரியும் கூட்டம். பெண் பாத்திரங்களோ காதலிக்கவும் காத்திருக்கவும் நினைக்கப்படவுமே வருகிறார்கள்.

இவ்வெற்றிடத்தை நிரப்ப முயன்றவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகியன இரயில்பாதையைக் களமாகக் கொண்டவை. ரெங்கசாமியின் 'இமையத் தியாகம்' இந்திய தேசிய இராணுவத்தையே பொருளாகக் கொண்டது. அதன் தலைப்பிலேயே தியாகம் என்னும் சொல் இருப்பது தற்செயலன்று. மறக்கப்பட்டவர்களை நினைவுக்குக் கொண்டுவர வேண்டிய சமூகத்துக்கு அச்சொல் தேவைப்பட்டது. சிங்காரத்துக்கு அது தேவைப்படவில்லை. பெட்டியடியிலிருந்து போனவனுக்குத் திரும்பிவர ஓர் ஊராவது இருந்தது. 1945க்குப் பிறகு தோட்டத்துக்குத் திரும்பிய வீரன் பழைய லயத்து வீட்டுக்கே திரும்பினான். அவன் விடுதலைக்குப் போரிட்ட நாடு 1947இல் விடுதலை பெற்றது; அவன் வாழ்ந்த நாடு 1957இல் பெற்றது. இரண்டாவதில் அவனுக்குக் குடியுரிமை உண்டா என்பதே தனியொரு வழக்காயிற்று.